அழாத குழந்தை

1949இல் லண்டனில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்றை மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் தெரியுமா? கைஸ் மருத்துவமனை என்றால் ஞாயிற்றுக்கிழமை மதியம் 2 மணியிலிருந்து 4 மணி வரை அம்மா போய்ப் பார்க்கலாம். செயின்ட் பார்தலோமியூஸ் என்றால் புதன்கிழமை 2 மணியிலிருந்து 3.30 வரை. சேரிங் கிராஸில் ஞாயிறு ஒரே ஒரு மணி நேரம். செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதல் ஒரு மாதம் பார்க்கவே முடியாது. ஆனால் ஒரு சலுகை உண்டு. இரவு 7 மணிக்கும் 8 மணிக்கும் இடையில் போனால், தூங்கிக்கொண்டிருக்கும் குழந்தையைப் பார்த்துவிட்டு வரலாம்! வெஸ்ட் லண்டன் மருத்துவமனையில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. பார்வையாளர்களுக்கு அனுமதி கிடையாது.

பிள்ளையின் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருக்கும் தாய்மார்களைப் பார்த்தே பழகியவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். ஆனால் அந்த விதிகளை எழுதியவர்கள் யாரும் கொடுமைக்காரர்கள் இல்லை. அவர்களிடம் காரணங்கள் இருந்தன. முதல் காரணம் தொற்று. டிப்தீரியாவும் ஸ்கார்லெட் காய்ச்சலும் வார்டு வார்டாகக் குழந்தைகளை வாரிக்கொண்டு போன காலத்தை நேரில் பார்த்த டாக்டர்கள் அவர்கள். வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு ஆளும் அவர்களுக்கு ஒரு கிருமி மூட்டை.

இரண்டாவது காரணம்தான் முக்கியமானது. அம்மா வந்தால் குழந்தை அழுகிறது. அம்மா போகும்போது இன்னும் அதிகமாக அழுகிறது. அம்மா வராவிட்டால், இரண்டு மூன்று நாளில் அழுகை நின்றுவிடுகிறது. சொன்னபடி சாப்பிடுகிறது, ஊசிக்குக் கை நீட்டுகிறது, நர்ஸைப் பார்த்துச் சிரிக்கவும் செய்கிறது. வார்டு அமைதியாக இருக்கிறது. 'குழந்தை பழகிவிட்டது' என்று கேஸ் ஷீட்டில் எழுதுகிறார்கள்.

பழகிவிட்டது என்ற அந்த ஒரு சொல் தவறு என்று நிரூபிக்க ஒரு மனநல மருத்துவருக்கும், பாய்லருக்கு நிலக்கரி போட்டுக்கொண்டிருந்த ஒரு தொழிலாளிக்கும் ஏறக்குறைய இருபது வருடம் பிடித்தது. அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

மனநல மருத்துவரின் பெயர் ஜான் போல்பி. 1907இல் லண்டனில் பிறந்தவர். அப்பா சர் ஆண்டனி போல்பி, அரச குடும்பத்துக்கே அறுவை சிகிச்சை நிபுணர். ஆறு குழந்தைகளில் ஜான் நான்காவது. அந்தக் காலத்து மேல்தட்டு ஆங்கிலக் குடும்பங்களில் குழந்தைகள் வீட்டின் மேல்மாடியில் ஆயாக்களோடு வளர்வார்கள். மாலைத் தேநீருக்குப் பிறகு நல்ல உடை உடுத்திக் கீழே வந்து ஒரு மணி நேரம் அம்மாவைப் பார்த்துவிட்டு மறுபடியும் மேலே போய்விட வேண்டும். அதிகம் கொஞ்சினால் பிள்ளை கெட்டுவிடும் என்பது அந்த வர்க்கத்தின் நம்பிக்கை.

ஜானை உண்மையில் வளர்த்தவள் மின்னி என்ற இளம் பணிப்பெண். அவனுக்கு நாலு வயது ஆகும் சமயத்தில் அவள் வேலையை விட்டுப் போய்விட்டாள். பிற்காலத்தில் போல்பி அதை ஒரு குழந்தை தாயை இழப்பதற்குச் சமமான துயரம் என்றே எழுதினார். பிறகு விடுதிப் பள்ளி, பிறகு கடற்படைக் கல்லூரி, பிறகு கேம்பிரிட்ஜ்.

கேம்பிரிட்ஜ் முடித்ததும் உடனே மருத்துவத்துக்குப் போகாமல், நடத்தைப் பிரச்சினை உள்ள பிள்ளைகளுக்கான ஒரு பள்ளியில் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். அங்கே இரண்டு பையன்கள் அவர் மனதில் பதிந்துபோனார்கள். ஒருவன் திருடியதற்காக முந்தைய பள்ளியிலிருந்து துரத்தப்பட்டவன். யாரிடமும் ஒட்டமாட்டான். நிலையாக ஒரு தாய் என்று யாரும் அவனுக்கு இருந்ததே இல்லை. இன்னொருவன் ஏழெட்டு வயதுச் சிறுவன். போல்பி எங்கே போனாலும் நிழல் மாதிரி பின்னாலேயே வருவான். இந்த இரண்டும் ஒரே நோயின் இரண்டு முகங்களா என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. மருத்துவம் படித்து முடித்து மனநலத் துறைக்குப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்போது லண்டனில் உளப்பகுப்பாய்வு என்றால் மெலனி க்ளைனின் பெயர்தான் பெரிது. குழந்தையின் துன்பத்துக்குக் காரணம் அதன் உள்மனக் கற்பனைகள், அதற்குள் நடக்கும் போராட்டங்கள் என்பது அவருடைய பார்வை. போல்பி அவருடைய மேற்பார்வையில் 1938இல் துறுதுறுவென்று அலையும் மூன்று வயதுப் பையன் ஒருவனுக்குச் சிகிச்சை தரத் தொடங்கினார். தினமும் அந்தப் பையனை அழைத்து வரும் அம்மா கடும் பதற்றத்தில் இருப்பது போல்பிக்குத் தெரிந்தது. அவளிடம் பேச விரும்பினார். கூடாது என்றார் க்ளைன். சிகிச்சை குழந்தைக்கு, அம்மாவுக்கு இல்லையே! மூன்று மாதம் கழித்து அந்தத் தாய் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள். க்ளைனுக்கு அதில் தெரிந்த ஒரே சங்கடம், இனி பையனைச் சிகிச்சைக்குக் கூட்டி வர ஆள் இல்லை என்பதுதான். மனிதர்களுக்கு இடையில் நிஜமாக நடப்பதைப் பார்க்காமல் மனதுக்குள்ளேயே தோண்டிக்கொண்டிருக்கும் அந்தப் போக்கிலிருந்து போல்பி விலகத் தொடங்கியது இங்கேதான்.

அதே காலத்தில் அவர் லண்டன் குழந்தை வழிகாட்டு மையத்தில் வேலை பார்த்தார். அங்கே வந்த பிள்ளைகளில் திருட்டுப் பழக்கம் உள்ள 44 பேரையும், திருட்டுப் பழக்கம் இல்லாத 44 பேரையும் ஒப்பிட்டு எழுதிய கட்டுரை 1944இல் வெளிவந்தது. திருடிய 44 பேரில் 14 பேரை 'பாசமற்றவர்கள்' என்று வகைப்படுத்தினார். பாராட்டினாலும் திட்டினாலும் அவர்களிடம் எந்தச் சலனமும் இருக்காது. அந்த 14 பேரில் 12 பேர் பச்சைக் குழந்தைப் பருவத்தில் நீண்ட காலம் தாயைப் பிரிந்து இருந்தவர்கள். மற்ற 30 திருட்டுப் பிள்ளைகளில் அப்படிப் பிரிந்தவர்கள் 5 பேர். திருடாத 44 பேரில் 2 பேர் மட்டுமே.

இந்த ஆய்வில் ஓட்டைகள் உண்டு. எண்ணிக்கை சிறியது. யார் பாசமற்றவர் என்று தீர்மானித்தவரும், யார் பிரிந்திருந்தார் என்று விசாரித்தவரும் ஒருவரே. இன்றைக்கு ஒரு கல்லூரி ஆய்வேட்டில்கூட இதை ஏற்கமாட்டார்கள். ஆனாலும் ஒரு விஷயம் உறுத்தியது. பிரிந்திருந்த அந்தக் குழந்தைகளில் பலர் அனாதைகள் இல்லை, கைவிடப்பட்டவர்கள் இல்லை. மாதக்கணக்கில் மருத்துவமனையில் இருந்தவர்கள்.

இதற்கு நடுவே போர் வந்தது. 1939 செப்டம்பரில் குண்டுவீச்சுக்குப் பயந்து, சில நாட்களுக்குள் சுமார் 15 லட்சம் பேரை, பெரும்பாலும் பிள்ளைகளை, நகரங்களிலிருந்து கிராமங்களுக்கு அனுப்பினார்கள். அந்த டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலுக்கு போல்பியும், இம்மானுவேல் மில்லர், டொனால்ட் வின்னிகாட் என்ற இருவரும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தாய் இல்லாமல் அனுப்புவது பின்னால் பெரிய மனநலச் சிக்கலில் கொண்டுபோய் விடும் என்று எச்சரித்தார்கள். தலைக்கு மேலே விமானம் பறக்கும்போது இந்தக் கடிதத்தை யார் கவனிப்பார்கள்?

இப்போது பாய்லர் தொழிலாளிக்கு வருவோம்.

ஜேம்ஸ் ராபர்ட்சன், கிளாஸ்கோ பக்கத்துத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை. போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர். சிக்மண்ட் ஃப்ராய்டின் மகள் ஆன்னா ஃப்ராய்ட், போரால் குடும்பத்தைப் பிரிந்த குழந்தைகளுக்காக லண்டன் ஹாம்ப்ஸ்டெட்டில் காப்பகங்கள் நடத்தினார். ராபர்ட்சனின் மனைவி ஜாய்ஸ் அங்கே மாணவியாகச் சேர்ந்தார். ராபர்ட்சனுக்கும் அங்கேயே வேலை கிடைத்தது. பாய்லரைக் கவனிப்பது, உடைந்ததை ரிப்பேர் செய்வது போன்ற எடுபிடி வேலை.

ஆன்னா ஃப்ராய்ட் அங்கே ஓர் அருமையான வழக்கம் வைத்திருந்தார். காப்பகத்தில் வேலை செய்யும் எல்லோரும், சமையலறை ஆள் முதல் பாய்லர் ஆள் வரை, குழந்தைகளைப் பற்றித் தாங்கள் கண்டதை அட்டைகளில் எழுதித் தர வேண்டும். விளக்கம் வேண்டாம், கண்டதை மட்டும் எழுது என்பதுதான் விதி. ராபர்ட்சன் கற்ற விஞ்ஞானம் அங்கே கற்றதுதான். போருக்குப் பிறகு அவர் மனநல சமூகப் பணி படித்தார். 1948இல் டாவிஸ்டாக் கிளினிக்கில் போல்பியிடம் சேர்ந்தார். அங்கே குழந்தைகள் துறைக்கு போல்பி தலைவர். ராபர்ட்சனுக்குக் கொடுத்த வேலை, மருத்துவமனைக்குப் போகும் குழந்தைகள் பிரிவை எப்படித் தாங்குகிறார்கள் என்று வார்டில் உட்கார்ந்து பார்ப்பது.

அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நர்ஸுகள் ஷிப்ட் மாறிப் போய்விடுவார்கள், டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து ஐந்து நிமிடத்தில் நகர்ந்துவிடுவார். ஒரே குழந்தையை மணிக்கணக்கில் பார்க்க அந்த வார்டில் வேறு யாருக்கும் நேரம் இல்லை. அவர் கண்டது இதுதான். முதலில் குழந்தை எதிர்க்கிறது. அழுகிறது, கட்டிலை உலுக்குகிறது, வாசலையே பார்க்கிறது. அடுத்து நம்பிக்கை இழக்கிறது. மெல்லிய முனகல், சோர்வு, எதிலும் விருப்பமின்மை. கடைசியாக ஒட்டாமல் போய்விடுகிறது. இந்த மூன்றாவது கட்டத்தில்தான் குழந்தை நர்ஸைப் பார்த்துச் சிரிக்கிறது, பொம்மையை எடுக்கிறது, அம்மா வந்தால் கண்டுகொள்வதில்லை. வார்டில் 'பழகிவிட்டது' என்று எழுதுவது சரியாக இந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான். நோய் முற்றிய நிலையை அவர்கள் குணமானதாக எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ராபர்ட்சன் இதை டாக்டர்களிடம் சொன்னார். யாரும் நம்பவில்லை. எங்கள் வார்டில் குழந்தைகள் சந்தோஷமாகத்தான் இருக்கின்றன என்றார்கள். நேற்றுவரை பாய்லர் பார்த்தவன் இன்றைக்கு எங்களுக்குப் பாடம் நடத்துவதா என்ற எண்ணமும் சிலருக்கு இருந்திருக்கலாம், யார் கண்டது! சொன்னால் நம்பாதவர்களுக்குக் காட்டித்தான் ஆக வேண்டும் என்று ராபர்ட்சன் முடிவு செய்தார். அதுவரை சினிமா கேமராவைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர், ஒன்றை வாங்கினார்.

படம் எடுக்கும் முறையில் போல்பியின் கை தெரிகிறது. மோசமான குழந்தையாகப் பார்த்துப் பொறுக்கினீர்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அதனால் மருத்துவமனையின் காத்திருப்புப் பட்டியலிலிருந்து குருட்டாம்போக்கில் ஒரு பெயரை எடுத்தார்கள். அழும் நேரமாகப் பார்த்து எடுத்தீர்கள் என்றும் சொல்லக் கூடாது. அதனால் தினமும் முன்கூட்டியே குறித்த நேரத்தில் கேமரா ஓடும். சுவர்க் கடிகாரமும் படத்தில் விழும்படி பார்த்துக்கொண்டார்கள்.

பட்டியலிலிருந்து வந்தவள் லாரா. இரண்டு வயது ஐந்து மாதம். தொப்புள் பக்கத்தில் ஒரு சிறிய ஹெர்னியா அறுவை சிகிச்சை, எட்டு நாள் தங்கல். அவளைப் பார்த்ததும் ராபர்ட்சனுக்கும் போல்பிக்கும் ஏமாற்றம். வயதுக்கு மீறிய கட்டுப்பாடு உள்ள குழந்தை, அழவே மாட்டாள் போலிருக்கிறதே, இவளை வைத்து எதைக் காட்டுவது?

ஆனால் அதுதான் அந்தப் படத்தின் பலமாகிவிட்டது. லாரா ஓவென்று கதறவில்லை. அழுகையை அடக்கிக்கொள்கிறாள். நர்ஸோடு பேசிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று முகம் சுருங்குகிறது, அம்மா எங்கே என்று மெல்லக் கேட்கிறாள், மறுபடியும் முகத்தைச் சரிசெய்துகொள்கிறாள். கரடிப் பொம்மையையும் வீட்டிலிருந்து கொண்டுவந்த போர்வையையும் விடவில்லை. அம்மா பார்க்க வரும்போது ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இளகுவதற்குச் சில நிமிடங்கள் ஆகின்றன. கடைசி நாள் வீட்டுக்குப் போகும்போது தன் சாமான் எல்லாவற்றையும், கிழிந்த புத்தகம் ஒன்றையும் விடாமல், எடுத்துக்கொள்கிறாள். ஆனால் அம்மா நீட்டிய கையைப் பிடிக்க மறுத்துவிட்டுத் தனியாக நடந்து போகிறாள். படம் அதோடு முடிகிறது.

'இரண்டு வயதுக் குழந்தை மருத்துவமனைக்குப் போகிறாள்' என்ற அந்தப் படத்தை 1952இல் லண்டன் ராயல் சொசைட்டி ஆஃப் மெடிசினில் திரையிட்டார்கள். அரங்கம் கொதித்தது. எங்கள் தொழிலையே அவதூறு செய்கிறீர்கள், இந்தப் படத்தைத் தடுக்க வேண்டும் என்று டாக்டர்களும் நர்ஸுகளும் எழுந்து நின்று சத்தம் போட்டார்கள். இந்தக் குழந்தை விதிவிலக்கு, எங்கள் வார்டில் இப்படி இல்லை என்றார்கள். உளப்பகுப்பாய்வாளர்களின் கூட்டத்திலும் படம் காட்டப்பட்டது. அங்கே க்ளைன் அணியினர் வேறொரு விளக்கம் வைத்திருந்தார்கள். லாராவின் வருத்தத்துக்குக் காரணம் பிரிவு இல்லை, அம்மா அப்போது கர்ப்பமாக இருந்ததுதானாம்! ஆன்னா ஃப்ராய்ட் மட்டும் ராபர்ட்சன் பக்கம் நின்றார்.

இவர்களுக்கு முன்னால் யாருமே இதை உணரவில்லை என்று சொல்லிவிட முடியாது. ஜேம்ஸ் ஸ்பென்ஸ் என்ற குழந்தை மருத்துவர் 1920களிலேயே நியூகாஸிலில் ஒரு சிறிய மருத்துவமனையில் தாய்மார்களைக் குழந்தையோடு தங்க வைத்தார். அமெரிக்காவில் ரெனே ஸ்பிட்ஸ் என்ற மனநல மருத்துவர், சுத்தமும் சாப்பாடும் குறைவில்லாத ஒரு குழந்தைகள் இல்லத்தில் தூக்கிக் கொஞ்ச ஆளில்லாமல் குழந்தைகள் உருகிப்போவதை 1940களில் படமாகவே எடுத்துக் காட்டினார். போல்பியின் பங்கு, சிதறிக் கிடந்த இதையெல்லாம் ஒன்றாகத் திரட்டியது. உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதால் 1950இல் ஐரோப்பிய நாடுகளுக்கும் அமெரிக்காவுக்கும் போய், வீடிழந்த குழந்தைகளோடு வேலை செய்பவர்களைச் சந்தித்தார். 1951இல் அந்த அறிக்கை வந்தது. 14 மொழிகளில் பெயர்க்கப்பட்டது. அதன் சாரம் எளிமையானது. சிறு குழந்தைக்குத் தாயிடமோ, தாயின் இடத்தில் நிலையாக இருக்கும் ஒருவரிடமோ நெருக்கமான, இடையறாத உறவு வேண்டும். அந்த உறவில் இருவருமே சந்தோஷம் காண வேண்டும். வைட்டமின் எப்படி உடம்புக்கோ, இது அப்படி மனதுக்கு என்றார். இருவருமே என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். கடமைக்கு வளர்ப்பதைப் பற்றி அவர் பேசவில்லை.

சரி, ஏன் அப்படி வேண்டும்? பால் கொடுப்பதால்தான் குழந்தை தாயிடம் ஒட்டுகிறது என்பது அன்றைய பாடம். போல்பிக்கு இதில் திருப்தியில்லை. அப்போதுதான் கொன்ராட் லோரன்ஸின் வாத்துக் குஞ்சுகளைப் பற்றிப் படித்தார். பொரிந்ததும் கண்ணில் படும் முதல் நகரும் உருவத்தைப் பின்தொடரும் குஞ்சுகள், தீனி போட்டதற்காக ஒட்டிக்கொள்ளவில்லை. 1958இல் அமெரிக்காவின் ஹாரி ஹார்லோ இன்னும் அப்பட்டமாகக் காட்டினார். தாயைப் பிரித்த குரங்குக் குட்டிகளுக்கு இரண்டு பொம்மைத் தாய்கள். ஒன்று வெறும் கம்பி, ஆனால் பால் புட்டி உண்டு. இன்னொன்று மெத்தென்ற துணி, பால் கிடையாது. குட்டிகள் கம்பியிடம் போய்ப் பாலைக் குடித்துவிட்டு உடனே துணியிடம் ஓடி வந்து கட்டிக்கொண்டன. (அந்தக் குட்டிகள் பிறகு பட்ட பாட்டைப் படித்தால், அன்பை நிரூபிக்க இவ்வளவு கொடுமை தேவையா என்றுதான் கேட்கத் தோன்றும்.) பிணைப்பு என்பது பசியின் துணைப்பொருள் இல்லை, தனியாகவே ஓர் உயிரியல் தேவை என்று போல்பி எழுதினார். தன் சொந்த உளப்பகுப்பாய்வுச் சங்கத்தில் இதைப் படித்தபோது அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் எதிர்ப்புதான்.

வார்டில் என்ன நடந்தது? அங்கேதான் ருசிகரமான திருப்பம். 1952 கூட்டத்தில் கோபப்பட்டவர்களில் ஒருவர் டெர்மோட் மெக்கார்த்தி, அமர்ஷாம் மருத்துவமனையின் குழந்தை மருத்துவர். படத்தின் மீது எரிச்சலோடுதான் தன் வார்டுக்குத் திரும்பினார். ஆனால் இப்போது கண் மாறிவிட்டது. படத்தில் பார்த்ததெல்லாம் தன் வார்டிலேயே நடப்பது தெரிந்தது. தாய்மார்கள் குழந்தையோடு தங்கலாம் என்று கதவைத் திறந்தார். ராபர்ட்சன் அதே வார்டுக்குப் போய் இரண்டாவது படம் எடுத்தார். 1958இல் வெளிவந்த அந்தப் படத்தில் அம்மா பக்கத்தில் இருக்கும் குழந்தை அதே வலியை எப்படி வேறு மாதிரி தாங்குகிறது என்று பார்க்கலாம்.

1959இல் அரசு நியமித்த பிளாட் குழு, குழந்தைகள் வார்டில் பெற்றோருக்கு நேரக் கட்டுப்பாடே இருக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. பரிந்துரைதான், சட்டம் இல்லை. பல மருத்துவமனைகள் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டன. 1961இல் ராபர்ட்சன் டாக்டர்களை விட்டுவிட்டு நேராகப் பெற்றோரிடம் போனார். பத்திரிகையில் எழுதினார், படத்தின் பகுதிகளை பிபிசி தொலைக்காட்சியில் காட்டினார். லண்டன் தாய்மார்கள் சிலர் அதே ஆண்டில் சங்கம் அமைத்து, ஊர் ஊராக மருத்துவமனை வாசலில் போய்க் கேட்க ஆரம்பித்தார்கள். விதி மாறியது அப்படித்தான். நிபுணர்கள் ஒன்பது வருடம் வாதம் செய்தும் நகராத கதவு, அம்மாக்கள் தட்டியதும் நகரத் தொடங்கியது.

இதோடு நிறுத்தினால் போல்பி ஒரு மகான் ஆகிவிடுவார். அப்படி இல்லை. தாய் என்ற சொல்லை அவர் கொஞ்சம் தாராளமாகவே பயன்படுத்தினார். அப்பாவுக்கு அவருடைய ஆரம்ப எழுத்தில் வேலையே கிடையாது, சம்பாதித்துப் போடுவதைத் தவிர. வேலைக்குப் போகும் பெண்களைக் குற்ற உணர்ச்சிக்குள் தள்ள அவருடைய பெயர் பல வருடம் பயன்பட்டது. குழந்தை பல கைகளில் வளர்ந்தும் நன்றாக இருக்கும் சமூகங்கள் உலகெங்கும் உண்டே என்று மானுடவியலாளர் மார்கரெட் மீட் கேட்டார். நியாயமான கேள்வி. 1972இல் மைக்கேல் ரட்டர் என்ற இன்னொரு மனநல மருத்துவர், பிரிவு, பாசமே கிடைக்காமை, குடும்பச் சண்டை என்று வேறு வேறு விஷயங்களை போல்பி ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார் என்று பிரித்துக் காட்டினார். (போர்க்காலத்துக் குழந்தைக் காப்பகங்களை அரசு மூடியதற்கும் போல்பியைக் குறை சொல்பவர்கள் உண்டு. அது பொருந்தாது. அந்த முடிவு 1945இலேயே எடுக்கப்பட்டது. அவருடைய அறிக்கை வந்ததோ 1951இல்.)

இதைவிட வலுவான திருத்தம் அவருடைய பழைய தோழரிடமிருந்தே வந்தது. 1960களின் கடைசியில் ஜேம்ஸும் ஜாய்ஸும், அம்மா பிரசவத்துக்குப் போன நேரத்தில் நான்கு சிறு குழந்தைகளை ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். முன்கூட்டியே பழகி, வீட்டுச் சாப்பாட்டுப் பழக்கத்தை மாற்றாமல், அம்மாவைப் பற்றித் தினமும் பேசிக்கொண்டு. அந்த நான்கு குழந்தைகளும் ஏங்கினார்கள், ஆனால் உடையவில்லை. அதே போன்ற சூழ்நிலையில் ஜான் என்ற பதினேழு மாதக் குழந்தை ஒரு நல்ல பெயரெடுத்த காப்பகத்தில் ஒன்பது நாள் இருந்தான். நர்ஸுகள் அன்பானவர்கள்தான், ஆனால் வேலைப் பட்டியல்படி மாறிக்கொண்டே இருந்தார்கள். ஜான் ஒவ்வொருவரிடமாகப் போய் நிற்கிறான். மடியில் ஏறுகிறான். அவர் அடுத்த வேலைக்கு எழுந்துவிடுகிறார். கடைசியில் ஒரு பெரிய கரடிப் பொம்மை மேல் போய் விழுந்து கிடக்கிறான். ஒன்பதாம் நாள் அம்மா வந்தபோது அவளைத் தள்ளிவிட்டுக் கதறுகிறான். 1969இல் வந்த அந்தப் படம் லாராவின் படத்தைவிடப் பார்க்கக் கடினமானது. பிரிவு என்பதே விஷம் இல்லை, பிரிவில் பிடித்துக்கொள்ள ஒரே ஒரு நிலையான ஆள் இல்லாததுதான் விஷம் என்று ராபர்ட்சன் தம்பதி வாதிட்டார்கள். போல்பி முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. இந்த விஷயத்தில் பாய்லர் தொழிலாளிதான் சரி என்று தோன்றுகிறது.

அழாத குழந்தையைப் பற்றிய கடைசி ஆதாரம் மேரி எய்ன்ஸ்வொர்த் என்ற உளவியலாளரிடமிருந்து வந்தது. 1950இல் ஒரு வேலை விளம்பரத்தைப் பார்த்து போல்பியிடம் வந்து, ராபர்ட்சனின் குறிப்புகளைத் தொகுத்தவர். பிறகு உகாண்டா போய் 26 குடும்பங்களில் குழந்தைகள் வளர்வதைப் பார்த்தார். பிறகு அமெரிக்காவின் பால்டிமோரில், ஒரு வயதுக் குழந்தையை விளையாட்டு அறையில் விட்டு அம்மா வெளியே போய்த் திரும்பி வரும் இருபது நிமிடச் சோதனையை உருவாக்கினார். பெரும்பாலான குழந்தைகள் அழுது, அம்மா திரும்பியதும் ஒட்டிக்கொண்டு, சீக்கிரமே விளையாடப் போய்விட்டன. ஒரு சில குழந்தைகள் அழவே இல்லை. அம்மா போனாலும் வந்தாலும் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தன. எவ்வளவு சமர்த்து, எவ்வளவு தைரியம் என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும். ஆனால் 1977இல் வேறு இரண்டு ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்து பார்த்தார்கள். அழுத குழந்தைகளைப் போலவே இவர்களுக்கும் எகிறியிருந்தது. 1993இல் ஜெர்மனியில் எச்சிலில் உள்ள கார்டிசால் என்ற அழுத்தச் சுரப்பை அளந்தபோது, அம்மா வந்த பிறகும் அது இவர்களுக்கு ஏறித்தான் இருந்தது. கேஸ் ஷீட்டில் 'பழகிவிட்டது' என்று எழுதிய காலத்தில் இந்தக் கருவி எல்லாம் இல்லை.

போல்பி 1969, 1973, 1980 ஆண்டுகளில் பிணைப்பு, பிரிவு, இழப்பு என்று மூன்று பெரிய நூல்களாக எல்லாவற்றையும் எழுதி முடித்தார். வயது ஏற ஏற, இது குழந்தைக்கு மட்டும் உரிய விஷயம் இல்லை, தொட்டிலிலிருந்து கல்லறை வரைக்கும் உள்ளது என்று சொல்ல ஆரம்பித்தார். பெரியவர்கள் நெருக்கடியில் யாரையாவது தேடுவதைக் 'குழந்தைத்தனமான சார்பு' என்று மருத்துவர்கள் எழுதுவது அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. திரும்பிப் போக ஒரு பத்திரமான இடம் இருக்கிறவன்தான் துணிந்து தூரம் போவான் என்பது அவர் வாதம். 1990 செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் இறந்தார்.

முப்பது வருடம் கழித்து, 2020இல், கொரோனா வந்தது. பழைய முதல் காரணமே மறுபடியும் வந்தது: தொற்று. உலகெங்கும் மருத்துவமனைகள் பார்வையாளர்களுக்குக் கதவைச் சாத்தின. பிரிட்டனில் முதியோர் இல்லத்துக் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நின்று மகன்களும் மகள்களும் கையசைத்தார்கள். ஆனால் அந்த நாட்டு வழிகாட்டுதலில் குழந்தைகளுக்கு ஒரு விலக்கு இருந்தது. சிகிச்சையில் இருக்கும் குழந்தையோடு பெற்றோரில் ஒருவர் கூட இருக்கலாம்.

லாராவைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. வீடு திரும்பி ஆறு மாதம் ஆகியிருந்தது. எல்லாம் மறந்துவிட்டாள் என்றுதான் நினைத்தார்கள். ஒரு நாள் அந்தப் படத்தை எதேச்சையாகப் பார்க்க நேர்ந்தது. முகம் சிவந்து போனது. அம்மாவைப் பார்த்து, அப்போது நீ எங்கே போயிருந்தாய் என்று கோபமாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, ஆறுதலுக்கு அப்பாவிடம் போனாள்.